சாலையில் ஓடும் திறன்கூட்டிய பிக்கப் டிரக்குக்குப் பின்பக்க சஸ்பென்ஷன்: தேர்விலிருந்து பொருத்தம் வரை முழுமையான வழிகாட்டி

எஞ்சின் திறனைக் கூட்டிய பிக்கப் டிரக்கை அன்றாடம் சாலையில் ஓட்டுபவர் அதன் பின்பக்க சஸ்பென்ஷனை மாற்ற நினைத்தால், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் ஏன் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பின்சக்கரங்களால் இயங்குகிற, பின்னால் திட ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் ஒரே விறைப்பான குழாயால் இணைக்கும் அச்சு) கொண்ட வண்டிகளையே இங்கே கருத்தில் கொண்டிருக்கிறேன்.

புதியவர்கள் இந்த வேலையில் இடறுவது பெரும்பாலும் வெல்டிங்கில் அல்ல, வரிசையில்தான். ஆக்ஸிலைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டகத்தோடு) இணைக்கும் நான்கு தண்டுகள் கொண்ட ‘நான்கு லிங்க்’ கிட் ஒன்றை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு வண்டியை எவ்வளவு தாழ்த்துவது என்று முடிவு செய்கிறார்கள். அதன்பின் பெரிய டயரைப் பொருத்துகிறார்கள். கடைசியில் ஆக்ஸில் மேலே எழும்ப இரண்டு விரற்கடை இடம்கூட மிஞ்சுவதில்லை. டயர், நிற்கும் உயரம், ஆக்ஸிலின் மேல்கீழ் அசைவு, சுமக்க வேண்டிய எடை ஆகிய நான்கும் முடிவான பிறகே லிங்க் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

1. தேவையை எழுதி வையுங்கள்

வண்டியின் பின்தொட்டியில் அதிகபட்சம் எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள், டிரெய்லர் இழுப்பீர்களா, நேர்க்கோட்டு வேகம் முக்கியமா அல்லது வளைவுகளா, ஓடும் சாலைகள் எவ்வளவு கரடுமுரடானவை, பின்தொட்டியின் தளத்தை வெட்ட மனமிருக்கிறதா என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதுங்கள். ஒவ்வொரு விடையும் சில அமைப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

கடைசிக் கேள்வியைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வண்டியை 100 மி.மீ.க்கு மேல் தாழ்த்தினால், ஆக்ஸில் எழும்புவதற்காகச் சேசிஸ் பட்டத்தில் (நீளவாட்டுச் சட்டத்தில்) வெட்டிய வளைவும் மேல் லிங்க்குகளும் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் தலைப்பகுதியும் பின்தொட்டித் தளத்தோடு இடத்துக்குப் போட்டியிடத் தொடங்கும். தளத்தை வெட்டக் கூடாது என்பது உறுதியானால், தாழ்த்தும் அளவுக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. இதை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

சமதளமான தரை, உறுதியான நான்கு ஸ்டாண்டுகள், டிஜிட்டல் கோணமானி, தூக்குக்குண்டு, நூல், அளவுநாடா, சாக்பீஸ் ஆகியவை போதும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஆக்ஸிலைக் கழற்றிய வண்டி முன்பக்கமாகச் சாய்ந்து நழுவக்கூடும் என்பதால், முன்சக்கரங்களுக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

வேறெதையும் தொடுவதற்கு முன், ஆக்ஸில் இப்போது இருக்கும் இடத்தைப் பதிவு செய்யுங்கள். சேசிஸில் மாறாத ஒரு துளையிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம், இருபுறமும் டயருக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி, பினியன் கோணம் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டின் சாய்வு), கியர்பாக்ஸ் வெளித்தண்டின் கோணம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு இந்த அளவுகளை மீட்க வழியே கிடையாது.

3. பின் ஆக்ஸிலின் மேலுள்ள எடையை அறியுங்கள்

எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி, எரிபொருள் நிரப்பி, ஓட்டுநர் அமர்ந்த நிலையில் எடையைப் பாருங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பின் பின்புறம் வெறுமையாக இருக்கும்போது மிக இலேசாகவும், சுமை ஏறியதும் மிகக் கனமாகவும் இருப்பதால், ஊகித்த எடையைக் கொண்டு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தால் இரண்டு நிலையிலும் தவறும்.

பின் எடையிலிருந்து ஆக்ஸில், சக்கரங்கள், பிரேக் ஆகியவற்றின் எடையைக் கழித்தால், ஸ்பிரிங்குகள் உண்மையில் தாங்கும் எடை கிடைக்கும். இந்த எண் 9ஆம் படிக்கு வேண்டும்.

4. டயர், நிற்கும் உயரம், மேல்கீழ் அசைவு

முதலில் டயரையும் சக்கரத்தையும் முடிவு செய்யுங்கள். டயரின் ஆரமே ஆக்ஸில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் அகலம் லிங்க்குகளுக்கும் ஷாக்குக்கும் (அதிர்வடக்கிக்கும்) மிஞ்சும் இடத்தைத் தீர்மானிக்கிறது. வாங்கப்போகும் சக்கரம் கையில் இல்லையென்றால், அதே வெளிவிட்டத்திலும் அகலத்திலும் அட்டையிலோ பலகையிலோ ஒரு வார்ப்பு வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

அடுத்தது நிற்கும் உயரம். வண்டியை வேண்டிய உயரத்தில் சேசிஸின் கீழ் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஸ்பிரிங் இல்லாத ஆக்ஸிலைச் சக்கரத்தோடு அதன் இடத்தில் உருட்டி வையுங்கள். இனி எடுக்கும் எல்லா அளவுகளும் இந்த நிலையில்தான்.

இப்போது ஆக்ஸிலை ஜாக்கால் மேலே தூக்கிப் பாருங்கள். சாலையில் ஓடும் பிக்கப்புக்கு, நிற்கும் நிலையிலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது 75 மி.மீ., கீழ்நோக்கி 60 மி.மீ. அளவாவது அசைவு இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சுமை ஏற்றுபவருக்கு மேல்நோக்கிய அசைவு இன்னும் கூடுதலாக வேண்டும். 75 மி.மீ. கிடைப்பதற்கு முன்பே ஆக்ஸில் குழாய் சேசிஸில் முட்டினால், சேசிஸ் பட்டத்தில் வளைவு வெட்டி வலுவூட்டியாக வேண்டும். அதைத் தவிர்க்க விரும்பினால் வண்டியை உயர்த்துங்கள். மூன்றாவது வழி இல்லை. ஆக்ஸில் சேசிஸில் மோதுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பை மெலிந்ததாகப் பொருத்தி இந்தப் பிரச்சினையை மறைக்க முயல்பவர்களின் வண்டிதான் முதல் பெரிய பள்ளத்தில் பின்புறம் துள்ளிப் பக்கவாட்டில் நகர்கிறது.

ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் உயர்த்தியும் பாருங்கள். வளைவிலும் மேடுபள்ளத்திலும் ஆக்ஸில் சாய்ந்துதான் நகர்கிறது. இரு பக்கமும் ஒன்றாக உயரும்போது இடிக்காத டயர், சாய்ந்து உயரும்போது பின்தொட்டியின் உள்விளிம்பில் உரசக்கூடும்.

5. அடியில் மிஞ்சியிருக்கும் இடத்தை வரையுங்கள்

எரிபொருள் தொட்டி, சைலன்சர் குழாய், பிராப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு), குறுக்குச் சட்டங்கள், பிரேக் குழாய் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த இரண்டு படங்களாக வரைந்துகொள்ளுங்கள். நேர்த்தி வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும்.

பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தனியாகக் கவனியுங்கள். ஆக்ஸில் முழுவதும் மேலேறும்போது ஷாஃப்ட்டின் பின்முனையும் ஏறும். தாழ்த்திய வண்டியில் அது குறுக்குச் சட்டத்தையோ தளத்தையோ தொடக்கூடும். நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால், அந்தப் பேரிங்கின் உயரத்தையும் மாற்ற வேண்டிவரலாம்.

6. அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

திட ஆக்ஸிலை நான்கு வகையில் கட்டுப்படுத்த வேண்டும்: முன்பின் நகராமல், பக்கவாட்டில் நகராமல், முறுக்குவிசையால் தானே சுழலாமல் பிடிக்க வேண்டும், அதே சமயம் மேல்கீழாகவும் சாய்ந்தும் தடையின்றி அசையவிட வேண்டும். கீழ்க்காணும் ஒவ்வோர் அமைப்பையும் இந்த நான்கு கேள்விகளால் சோதித்தால் விளம்பரச் சொற்கள் தேவைப்படாது.

லீஃப் ஸ்பிரிங். இங்கே ஸ்பிரிங் பட்டைகளே சுமையைத் தாங்கி, ஆக்ஸிலையும் பிடித்துக்கொள்கின்றன. குறை என்னவென்றால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஆக்ஸிலின் உறையான ஹவுசிங் சுழல முயன்று பட்டையை ‘எஸ்’ வடிவில் வளைக்கிறது; பட்டை நிமிரும்போது டயர் பிடிப்பை இழந்து, மீண்டும் பிடித்து, வண்டி குதிக்கிறது. இதைக் கண்ட உடனே பலர் லீஃப் ஸ்பிரிங்கையே வேண்டாம் என்று தூக்கியெறிகிறார்கள். தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள பட்டைகளும், முன்பாதியை வளையவிடாமல் தடுக்கும் டிராக்ஷன் பாரும், பொருத்தமான ஷாக்கும் இருந்தால், சுமையும் ஏற்றி வேகமாகவும் ஓட்ட விரும்புபவருக்கு இதுவே போதும். சுமை உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தால் இங்கேயே நில்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

லீஃப் ஸ்பிரிங்கைத் தாழ்த்துவதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பட்டைகளைக் கழற்றித் தாழ்த்துவது முதல் தவறு. முறுக்கைத் தாங்கும் வலுவும் அதோடு போய்விடும். உயரமான கட்டைகளை ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே அடுக்குவது இரண்டாவது. கட்டை உயர உயர, ஆக்ஸில் பட்டையை முறுக்கும் நெம்புகோலும் நீளும். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் பழைய யு போல்ட்டுகளையே மறுபடி முறுக்குவது மூன்றாவது. ஒருமுறை இழுபட்ட போல்ட் அதே பிடியைத் தருவதில்லை. ஆக்ஸிலை ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றி வைக்கும் முறையில் 125 முதல் 150 மி.மீ. வரை தாழ்த்தலாம், ஆனால் சேசிஸ் வெட்டு இல்லாமல் அது நடக்காது.

லேடர் பார். ஒவ்வொரு பக்கமும் முக்கோண வடிவத் தண்டு ஆக்ஸிலில் அசையாமல் பொருந்தி, முன்னால் ஒரே புள்ளியில் சுழல்கிறது. நேர்க்கோட்டில் முறுக்குவிசையை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் வண்டி ஒரு பக்கம் சாயும்போது இரண்டு தண்டுகளும் ஆக்ஸில் ஹவுசிங்கையே முறுக்க முயல்கின்றன. அதனால் சாய்வு தடைபட்டு, மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டெழுகிறது, வெல்டிங் இணைப்புகளில் விரிசலும் வரலாம். பந்தயத் தடத்துக்கு ஏற்றது. சாலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

டிரக் ஆர்ம். இரண்டு நீண்ட கைகள் ஆக்ஸிலில் இறுகப் பொருந்தி, முன்னோக்கிச் சென்று வண்டியின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 1960 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பில் இருந்தது இதுவே. முன்முனைகள் நெருங்கியிருப்பதாலும், ‘ஐ’ வடிவக் கைகள் சற்று முறுகிக்கொடுப்பதாலும் வண்டி சாயும்போது இது அவ்வளவாகத் தடைபடுவதில்லை. பராமரிப்பு குறைவு. உங்கள் வண்டியில் ஏற்கெனவே இது இருந்தால், புஷ்களையும் (மூட்டுகளிலுள்ள மெத்தை போன்ற உறைகள்) பனார்டு தண்டையும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) சீர்செய்து வைத்துக்கொள்வதே சிறந்தது; அதைக் கழற்றிவிட்டுத் தரம் தாழ்ந்த நான்கு லிங்க் கிட்டைப் போடுவது பின்னோக்கிய நடை.

முக்கோண நான்கு லிங்க். கீழ் லிங்க்குகள் ஏறத்தாழ நேராகவும், மேல் லிங்க்குகள் சாய்வாகவும் இருப்பதால் பக்கவாட்டுப் பிடிப்பும் அவற்றிலேயே கிடைக்கிறது; தனித் தண்டு தேவையில்லை. எரிபொருள் தொட்டிக்கு இடம் மிஞ்சும். ஆனால் மேல் லிங்க் ஒவ்வொன்றும் வண்டியின் மையக்கோட்டோடு 40 பாகைக்கு அருகில் சாய்ந்திருந்தால்தான் பக்கவாட்டில் உறுதியாகப் பிடிக்கும். 20 பாகை அளவில் ஒடுங்கிய சாய்வுள்ள கிட்டுகளில், வளைவில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்வதை ஓட்டுநரே உணர முடியும்.

இணையான நான்கு லிங்க். எல்லா லிங்க்குகளும் முன்பின்னாகவே செல்கின்றன. பக்கவாட்டுக்கு பனார்டு தண்டோ வாட்ஸ் லிங்க்கோ (நடுவில் சுழலும் துண்டால் இணைந்த இரு தண்டுகள்) கட்டாயம் வேண்டும். குறுகிய இடத்தில் பொருத்த எளிது. மேல், கீழ் லிங்க்குகளின் நீளம் வேறுபட்டால் வண்டி சாயும்போது மூட்டுகள் முறுக்கப்படும். அதற்கேற்ற மூட்டுகள் இல்லையென்றால் அது தெரியாத ஒரு சாய்வுத் தடுப்புத் தண்டு போலவே நடந்துகொள்ளும்.

மூன்று லிங்க். கீழே இரண்டு, மேலே ஒன்று, பக்கவாட்டுக்கு ஒரு தண்டு. மேலே ஒரே லிங்க் என்பதால் எந்தச் சாய்விலும் தடையில்லை. வளைவுகளை விரும்புபவருக்குத் திட ஆக்ஸில் அமைப்புகளில் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மேல் லிங்க் முழு முறுக்குவிசையையும் தனியே தாங்குவதால் அதன் இரு முனைத் தாங்கிகளையும் (பிராக்கெட்டுகளையும்) மிக வலுவாகச் செய்ய வேண்டும். அது டிஃபரன்ஷியலுக்கு மேலே வருவதால் பின்தொட்டித் தளம் குறுக்கிடும் என்பதையும் 1ஆம் படியில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தனித்தனியாக அசையும் பின்சக்கர அமைப்பும் உண்டு. அதற்கு டிஃபரன்ஷியலைத் தாங்கும் துணைச் சட்டகம், புதிய அரை ஆக்ஸில்கள், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வசதி எல்லாம் வேண்டும். முதன்முறை இந்த வேலையில் இறங்குபவருக்கு அது ஏற்றதல்ல.

7. பக்கவாட்டுப் பிடிப்பு

பனார்டு தண்டின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் இருக்கும். கீலைச் சுற்றிக் கதவு வளைந்து திறப்பது போல இதன் ஆக்ஸில் முனையும் வட்டவில்லில்தான் நகரும். ஆகவே ஆக்ஸில் மேலேறும்போது சிறிது பக்கவாட்டிலும் நகர்கிறது. 900 மி.மீ. நீளத் தண்டு நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாக இருந்தால், ஆக்ஸில் 75 மி.மீ. உயரும்போது பக்கவாட்டு நகர்வு ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே. அதே தண்டின் முனைகளுக்கிடையே தொடக்கத்திலேயே 100 மி.மீ. உயர வேறுபாடு இருந்து, ஆக்ஸில் நகர நகர அந்தச் சாய்வு கூடினால் நகர்வு ஏறத்தாழ 12 மி.மீ. ஆகிவிடும். தண்டு நீளமாகவும், நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

தாழ்த்திய வண்டியில் பழைய பனார்டு தண்டை அப்படியே விட்டால் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். நீளம் மாற்றக்கூடிய தண்டைப் போட்டு ஆக்ஸிலை நடுவில் கொண்டுவந்தால் பாதி வேலைதான் முடியும். சேசிஸ் முனையின் தாங்கியையும் இடம் மாற்றிச் சாய்வை நீக்க வேண்டும்.

வாட்ஸ் லிங்க்கில் இந்தப் பக்கவாட்டு நகர்வு ஏறத்தாழ இல்லை. உதிரிகளும் மூட்டுகளும் கூடும், டிஃபரன்ஷியலின் பின்னால் இடம் வேண்டும். இடமிருந்தால் நல்லது, இல்லையென்றால் நீண்ட பனார்டு தண்டே போதும்.

8. பக்கத்திலிருந்து பார்க்கும் கோணங்கள்

மேல் லிங்க்கின் கோட்டையும் கீழ் லிங்க்கின் கோட்டையும் பக்கப் படத்தில் முன்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி கிடைக்கும். பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ, முடுக்கும்போது வண்டியின் பின்புறம் அமுங்குவது அவ்வளவு தடுக்கப்படும்.

கணக்கு எளிது. முன், பின் ஆக்ஸில்களுக்கிடையே 2900 மி.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 650 மி.மீ. என்று கொள்வோம். 650ஐ 2900ஆல் வகுத்தால் 0.224, இது 100 சதவீதத் தடுப்புக்கான சரிவு. சந்திப்புப் புள்ளி பின்டயரிலிருந்து 1500 மி.மீ. முன்னாலும் 240 மி.மீ. உயரத்திலும் இருந்தால் சரிவு 0.16, அதாவது ஏறத்தாழ 71 சதவீதம். சாலை வண்டிக்கு 50 முதல் 80 சதவீதம் வரை நல்ல தொடக்கம்.

எண் பெரிதாக இருந்தால் தரைப்பிடிப்பும் பெரிதாகும் என்று நினைத்துப் புதியவர்கள் 100ஐத் தாண்டுகிறார்கள். திட ஆக்ஸிலில் பிரேக்கின் விசையையும் இதே லிங்க்குகள்தான் தாங்குகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். தடுப்பு அதிகமான வண்டியில் பலமாகப் பிரேக் போடும்போது பின்சக்கரங்கள் தரையில் குதிக்கும். தடத்தில் சில நொடிகள் முடுக்கும் வண்டிக்கு இது பொருட்டில்லை. மழையில் சிக்னலில் நிற்க வேண்டிய வண்டிக்கு உயிர்ப் பிரச்சினை.

கீழ் லிங்க்கின் சாய்வு வேறொன்றையும் ஆள்கிறது. அதன் பின்முனை முன்முனையைவிடத் தாழ்ந்திருந்தால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும்போது பின்னோக்கியும், உட்பக்கச் சக்கரம் இறங்கும்போது முன்னோக்கியும் நகரும். ஆக்ஸில் தானாகவே வளைவின் வெளிப்புறம் நோக்கித் திரும்பி, வண்டியின் பின்புறத்தை வீசும். நிற்கும் உயரத்தில் கீழ் லிங்க் கிடைமட்டத்துக்கு ஓரிரு பாகைக்குள் இருக்கும்படி அமைத்துவிட்டு, மேல் லிங்க்கின் கோணத்தைக் கொண்டு முன்சொன்ன சதவீதத்தைச் சரிசெய்யுங்கள்.

9. ஸ்பிரிங்

ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். வண்டி 1800 கிலோ, பின்புறம் 720 கிலோ, அதில் ஆக்ஸிலும் சக்கரங்களும் 160 கிலோ என்று கொண்டால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தாங்குவது 280 கிலோ. வெறும் வண்டி நொடிக்கு 1.6 முறை ஏறி இறங்கும் வேகத்தில் அதிர வேண்டும் என்று முடிவு செய்தால், சக்கரத்தின் இடத்தில் வேண்டிய விறைப்பு மி.மீ.க்கு ஏறத்தாழ 28 நியூட்டன். அதாவது அங்குலத்துக்கு 160 பவுண்டுக்குச் சற்று மேல்.

இதே வண்டியில் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 250 கிலோ சுமை ஏற்றினால் பின்புறம் 43 மி.மீ. இறங்கும், அதிர்வு நொடிக்கு 1.3 அளவுக்குத் தளரும். 75 மி.மீ. மேலசைவில் மீதமிருப்பது 32 மி.மீ. மட்டுமே. அடிக்கடி சுமை ஏற்றுபவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, காற்றழுத்தம் மாற்றக்கூடிய துணை ஏர் பேக் சேர்ப்பதா, நிற்கும் உயரத்தைக் கூட்டுவதா, லீஃப் ஸ்பிரிங்குக்கே திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். சுமைக்காக ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால், வெறும் வண்டி ஒவ்வொரு தார்ச்சாலை ஒட்டிலும் தத்தும்.

ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த காயில்ஓவரைச் சாய்த்துப் பொருத்தினால் அது தன் முழு விறைப்பையும் தருவதில்லை. 20 பாகை சாய்ந்தால் 88 சதவீதமும், 30 பாகை சாய்ந்தால் 75 சதவீதமுமே சக்கரத்தில் கிடைக்கும். இடமில்லாமல் ஸ்பிரிங்கைச் சாய்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு ‘கணக்குப்படி வாங்கியும் பின்புறம் தொய்கிறது’ என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கவனக்குறைவு சேசிஸ் பற்றியது. லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை முன்னும் பின்னும் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் இறக்குகிறது. காயில்ஓவர் முழுச் சுமையையும் ஆக்ஸிலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்குகிறது. அதுவும் நீங்கள் வளைவு வெட்டிய அதே இடத்தில். ஆகவே இரு பட்டங்களையும் இணைக்கும் வலுவான குறுக்குச் சட்டமும், வெட்டைச் சுற்றி முழுமையான தகடும் கட்டாயம் வேண்டும். இதற்கு இடமும் செலவும் ஒதுக்க முடியவில்லை என்றால் காயில்ஓவரை விட்டுவிடுங்கள்.

10. ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும்

நிற்கும் உயரத்தில் ஷாக்கின் தண்டு தன் மொத்த அசைவு நீளத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் உள்ளே போயிருக்கட்டும்; மீதி 60 மேலசைவுக்கு. ஷாக் ஒருபோதும் கடைசித் தடுப்பாக இருக்கக் கூடாது; உலோகம் உலோகத்தில் மோதுவதற்கு 20 மி.மீ. முன்பாகவே மென்மையாகத் தொடங்கும் பம்ப் ஸ்டாப் வேண்டும்.

11. மூட்டுகளும் புஷ்களும்

ரப்பர் புஷ் ஓசையை அடக்கும், எல்லாத் திசையிலும் சற்று முறுகிக்கொடுக்கும், ஆனால் அமுங்கும். பாலியூரிதேன் அமுங்காது, முறுகவும் செய்யாது. அதனால் முக்கோண நான்கு லிங்க்கின் மேல் லிங்க்குகளில் இரு முனையிலும் அதைப் போட்டால் ஆக்ஸில் சாய முடியாமல் இறுகும். உருண்டை மூட்டுகள் தடையின்றி அசையும். தூசியிலும் மழையிலும் விரைவில் தேய்ந்து ஒலிக்கத் தொடங்கும்.

சாலை வண்டிக்கு என் தேர்வு கலப்பானது: லிங்க்கின் ஒரு முனையில் ரப்பர் அல்லது கிரீஸ் வசதியுள்ள பாலியூரிதேன், மறுமுனையில் மூடிய உருண்டை மூட்டு. பனார்டு தண்டுக்கு மட்டும் அமுங்காத மூட்டே இரு முனையிலும் இருக்கட்டும்.

12. தற்காலிகப் பொருத்தம், பினியன் கோணம், வெல்டிங்

எல்லாத் தாங்கிகளையும் முதலில் சிறு ஒட்டுகளால் மட்டும் பிடிக்கவையுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் ஆக்ஸிலை அடி முதல் உச்சி வரை ஜாக்கால் நகர்த்தி, இரு பக்கமும் சாய்த்து, எங்கே இடிக்கிறது, எந்த மூட்டு இறுகுகிறது என்று பாருங்கள். ஐயமான இடத்தில் களிமண்ணை ஒட்டிவைத்தால் மிஞ்சிய இடைவெளி அதன் கனத்தில் பதிந்து தெரியும்.

கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும்: தண்டு 3 பாகை பின்னோக்கித் தாழ்ந்திருந்தால் பினியன் 3 பாகை முன்னோக்கி உயர்ந்திருக்கும். முடுக்கும்போது பினியன் மேலெழ முயலும் என்பதால், லிங்க் அமைப்பில் 1 முதல் 2 பாகையும், லீஃப் ஸ்பிரிங்கில் பொதுவாக 3 முதல் 5 பாகையும் அதைக் குறைத்து வையுங்கள். இணையாக இல்லாத கோணங்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி மறையும் அதிர்வைத் தரும். பலர் அதை டயர் பேலன்ஸ் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள். பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனைகளிலுள்ள ஒவ்வொரு கிராஸ் மூட்டின் வேலைக் கோணமும் 3 பாகைக்குள் இருப்பது நல்லது. முற்றிலும் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, அந்த மூட்டிலுள்ள ஊசி பேரிங்குகள் உருண்டால்தான் தேயாமல் நிற்கும்.

முழு வெல்டிங்கின்போது ஆக்ஸில் குழாய் வளையும் அபாயம் உண்டு. சுருங்கும் ஒட்டு குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஓரங்குல நீளமாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஒட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஒட்டும் துண்டின் மேலேயே மாட்டுங்கள். மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்தால் அது கெடும். வெல்டிங்கில் உங்கள் கை தேறவில்லை என்றால், ஒட்டுப் பிடிப்பு வரை நீங்கள் செய்துவிட்டு முழு ஒட்டைத் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரங்களின் மேல் முழு எடை இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுகி நின்று விரைவில் கிழியும்.

13. பிரேக்கை மறவாதீர்கள்

ஆக்ஸில் முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் கேபிளும் சக்கர வேக சென்சார் வயரும் உரசாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பல பிக்கப்புகளில் சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சுமையை உணர்ந்து, பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். வண்டியைத் தாழ்த்தியதும் இடைவெளி குறைவதால், சுமை ஏறிவிட்டதாக அது எடுத்துக்கொண்டு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெறும் வண்டியின் பின்சக்கரங்கள் திடீரென்று பூட்டிக்கொள்ளும். அதன் இணைப்புத் தண்டைப் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றாமல் சாலையில் இறங்கவே கூடாது.

14. ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தல்

ஷாக்கின் தண்டில் சிறிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கமில்லாமல் மாட்டிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டி வாருங்கள். அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவே உண்மையில் பயன்பட்ட மேலசைவு. ஒவ்வொரு முறையும் முனை வரை தள்ளப்பட்டால் ஸ்பிரிங் தளர்வு. பாதியைக்கூட எட்டவில்லை என்றால் விறைப்பு அதிகம்.

மாற்றங்களை ஒரு நேரத்தில் ஒன்றாகவே செய்யுங்கள். டயர் அழுத்தம், நிற்கும் உயரம், ஷாக் அமைப்பு, கடைசியாக லிங்க்கின் கோணத்தை மாற்றும் தாங்கித் துளைகள் என்ற வரிசையில் போனால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்பது தெளிவாகும். சாய்வுத் தடுப்புத் தண்டு தேவையா என்பதையும் இவையெல்லாம் முடிந்த பிறகு முடிவு செய்யலாம். பின்புறம் மிக விறைப்பான தண்டைப் போட்டால், வளைவிலிருந்து முடுக்கி வெளியேறும்போது உட்பக்கச் சக்கரம் பிடிப்பிழந்து சுழலும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும், குறிப்பாக யு போல்ட்டுகளையும் லிங்க் போல்ட்டுகளையும், உரிய முறுக்குவிசையில் மறுபடி இறுக்குங்கள். போல்ட் தலைக்கும் தாங்கிக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரியும். 2ஆம் படியில் எழுதிவைத்த ஆக்ஸில் அளவுகளோடு இருபுறமும் ஒப்பிட்டு, 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் லிங்க் நீளத்தைத் திருத்திய பிறகே முன்சக்கர அலைன்மென்ட்டுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.